நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சையைச் சுவடிகளில் தேடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போய், கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். "பார்த்தாயிற்று, இனி படிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் குறைவு. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு வைத்திருக்கும் குடும்பத்தார் என்று அப்படிக் கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்? சோழர் காலம் இல்லையா?

இல்லை. தஞ்சை என்றதும் இராஜராஜனும் 1010-இல் முடிந்த பெரிய கோயிலும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் 1530-களில் செவ்வப்ப நாயக்கர் தஞ்சைக்கு வந்தது முதல், 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசைக் கையகப்படுத்தியது வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. அந்தக் காலத்தைப் பெரிய கோயிலின் நிழல் மூடிவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம். அந்தக் கோயிலிலேயே நாம் வலம் வரும் பெரிய நந்தியும் சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. கச்சேரியில் கேட்கும் 72 மேளகர்த்தாக்களின் (தாய் ராகங்களின்) வகுப்புமுறை, விஜயராகவ நாயக்கர் அவையைச் சேர்ந்த வேங்கடமகியுடையது. பரதநாட்டியக் கச்சேரியின் வரிசை, இரண்டாம் சரபோஜி அவையோடு தொடர்புடைய தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்களின் கைவண்ணம். இன்று நம் டெல்டாவின் பழமை என்று பெருமைப்படுவதில் பெரும்பகுதி இந்த முந்நூறு ஆண்டில் உருவானது. அதற்கான எழுத்துச் சான்று கல்வெட்டில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஓலையிலும் காகிதத்திலும் இருக்கிறது.

சரஸ்வதி மகாலைக் கட்டியது சரபோஜி மன்னர்தானே?

தொடங்கியவர் அவர் அல்லர். நாயக்கர் அரண்மனையில் இருந்த சரஸ்வதி பண்டாரம் என்ற ஏட்டுச் சேமிப்பே இதன் வேர். 1676-ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்த மராட்டியர்கள் அதைக் கலைக்காமல் காப்பாற்றி, சேர்த்துக்கொண்டே போனார்கள். இரண்டாம் சரபோஜி (1777–1832) அதைப் பன்மடங்கு பெருக்கினார். காசி யாத்திரை போனபோதுகூடச் சுவடிகளைச் சேகரித்துவந்தார். 1918-இல் அது பொதுநூலகமானது. அவர் பெயரை நூலகத்தின் முழுப் பெயரில் சேர்த்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்கு முன் இருநூறு ஆண்டு உழைத்த பெயர் தெரியாத ஏடெழுதிகளை மறக்க வேண்டாம்.

அங்கே தமிழைவிட வடமொழிதான் அதிகமாமே?

ஆம். ஏறத்தாழ 49,000 சுவடிகளில் 39,000-க்கு மேல் வடமொழி. தமிழும் மராத்தியும் மூவாயிரத்துச் சொச்சம் வீதம், தெலுங்கு எண்ணூறு அளவில். இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபப்படுவதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: இது அரண்மனையின் சேமிப்பு. அரண்மனை எதைப் போற்றியதோ அதைத்தான் சேர்த்தது. டெல்டாவின் தமிழ் ஏடுகள் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களிலும், திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள், வைத்தியர்கள், புலவர்கள் வீடுகளிலும் இருந்தன. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த உ.வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, சீவக சிந்தாமணியைத் தேடி ஏடு ஏடாக ஒப்பிட்டு 1887-இல் பதிப்பித்தார். அதற்கு அவர் நம்பியிருந்தது ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஏடுகளையே. ஆகவே தமிழ் இலக்கியம் தேடுகிறவர்கள் மடத்து நூலகங்களையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அரண்மனை வாழ்க்கை, இசை, நாட்டியம், மருத்துவம், நிர்வாகம் தேடுகிறவர்களுக்குச் சரஸ்வதி மகாலுக்கு ஈடு வேறில்லை.

எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். போய்ப் பயன் உண்டா?

உண்டு. ஆனால் தமிழை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்தக் காலத்தின் ஒரு கால்வாசிதான் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மராட்டிய மன்னர் ஷாஹஜி (ஆட்சி 1684–1712) பெயரில் பஞ்சபாஷா விலாசம் என்றொரு நாடகம் இருக்கிறது. வெவ்வேறு தேசத்து இளவரசிகள் கண்ணனை மணக்க வருகிறார்கள். ஒருத்தி தமிழில் பேசுகிறாள். மற்றவர்கள் தெலுங்கில், மராத்தியில், இந்தியில். கண்ணன் தரப்பில் வடமொழி. அதைப் பார்த்துச் சிரித்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களின் காதை நினைத்துப் பாருங்கள். மராட்டியக் குடும்பத்தார், தெலுங்குக் கவிஞர்கள், தமிழ் நட்டுவனார்கள், வடமொழிப் பண்டிதர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில். இன்று நாம் மொழிவாரியாகத் துறை பிரித்துக்கொண்டு படிக்கிறோம். அன்று அவர்கள் அப்படிப் பிரிந்து வாழவில்லை.

நடைமுறைக்கு வருவோம். நூலகமே ஏராளமான சுவடிகளைப் பதிப்பித்திருக்கிறது. பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், மோடி என்ற எழுத்தில் மராத்தியில் எழுதிய அரண்மனை ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தொகுதிகளாக வெளியிட்டது. இவற்றையே படித்து முடிக்க ஓர் ஆண்டு போதாது. அச்சில் வந்ததைப் படிக்காமல் நேரே ஓலையைக் கேட்பவர்களை நூலகத்தார் சற்று ஐயத்தோடு பார்ப்பார்கள். அது சரியான ஐயம்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

சிறிய கேள்வியிலிருந்து. "மராட்டியர் காலப் பண்பாடு" என்று எழுதிக்கொண்டு வந்தால், எந்த ஏட்டைக் கேட்பது என்று உங்களுக்கும் தெரியாது, எதை எடுத்துக் கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியாது. "சத்திரத்தில் வழிப்போக்கருக்கு என்ன சாப்பாடு போட்டார்கள்?", "கண்ணில் புரை விழுந்தால் என்ன செய்தார்கள்?", "ஆடுகிற பெண்ணுக்கு என்ன ஊதியம்?" என்று வாருங்கள். வழி தானே திறக்கும்.

அடுத்தது அட்டவணைகள். தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னல் என்ற ஆங்கிலேயர் அரண்மனையின் வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தி 1880-இல் பட்டியல் வெளியிட்டார். பிறகு பி.பி.எஸ். சாஸ்திரி பல தொகுதிகளில் விரிவான விளக்க அட்டவணை தயாரித்தார். தமிழ், தெலுங்கு, மராத்திக்கும் தனித்தனி அட்டவணைகள் உண்டு. அட்டவணையில் சுவடியின் எண், ஏடுகளின் எண்ணிக்கை, எழுத்து வடிவம், தொடக்க வரி, முடிவு வரி எல்லாம் இருக்கும். சுவடி எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு அரை நாள் மிச்சம். அடையாள அட்டையும், ஆய்வு மாணவரானால் வழிகாட்டியின் கடிதமும் கையில் இருக்கட்டும். நேரமும் விதிமுறையும் மாறக்கூடும், புறப்படும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓலையைக் கையில் வாங்கினால் ஒன்றும் புரியவில்லையே?

முதல் நாள் யாருக்கும் புரியாது. எழுத்து நம் எழுத்துதான்; எழுதிய வழக்கம் வேறு.

ஓர் ஏட்டைப் பார்ப்போம். ஏறக்குறைய ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம். கயிறு கோக்கத் துளை. இடது ஓரத்தில் ஏட்டெண், தமிழ் எண்ணில்: க என்றால் 1, உ என்றால் 2, ங என்றால் 3, ய என்றால் 10. எழுத்தாணியால் கீறிய கோடுகளில் மை தேய்த்திருந்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். தேய்க்காத ஏட்டில் ஓலை நிறத்திலேயே கீறல் இருக்கும். வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் எழும்பும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. செய்யுளைக்கூட அடி பிரிக்காமல் உரைநடைபோல ஓட்டிக்கொண்டே போவார்கள். ஓலையை வீணாக்க யாருக்கும் மனம் வராது.

உண்மையான சிக்கல் மூன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. கால் போடுகிற குறியும் ரகரமும் ஒரே வடிவம். விளைவைப் பாருங்கள். ஏட்டில் "பரல" என்று இருக்கிறது. அது பால், பரல், பால, பரல என்று எதுவாகவும் இருக்கலாம். "தெரல" என்று இருந்தால் தோலா, தொல்லா, வேறெதுவுமா? முன்பின் சொற்களைக் கொண்டு, செய்யுளானால் எதுகை மோனையைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். யாப்புத் தெரிந்தவர்கள் சுவடியை விரைந்து படிப்பதன் ரகசியம் இதுவே: சீர் தட்டினால் பாடம் தவறு என்று காது சொல்லிவிடும்.

என் யோசனை: முதலில், நன்றாகத் தெரிந்த நூலின் ஏட்டைக் கேளுங்கள். ஆத்திசூடி, மூதுரை, திருக்குறள் போல மனப்பாடமாக இருப்பதை ஏட்டில் பின்தொடர்ந்தால் எழுத்தின் வளைவு நெளிவு கண்ணுக்குப் பழகும். பிறகு மருத்துவ ஏடு, பிறகு கணக்கு. கணக்கில் பின்னங்கள் வரும்: மா என்றால் 20-இல் 1, காணி 80-இல் 1, முந்திரி 320-இல் 1. எண்சுவடியைத் திண்ணைப் பள்ளியில் ஏன் அப்படி உருப்போட வைத்தார்கள் என்பது அப்போது தெரியும்.

ஏட்டின் காலத்தை எப்படி அறிவது? எங்கள் ஊரில் ஆயிரம் ஆண்டுப் பழைய ஓலை இருப்பதாகச் சொல்கிறார்களே?

நூல் ஆயிரம் ஆண்டுப் பழையதாக இருக்கலாம். ஓலை அப்படி இருக்காது. காவிரிப் படுகையின் ஈரத்திலும் பூச்சியிலும் பனையோலை சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தார்கள். நம் கைக்கு வரும் தமிழ் ஏடுகளில் பெரும்பாலானவை கடந்த இரண்டு, மூன்று நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட படிகளே.

காலம் தேடக் கடைசி ஏட்டுக்குப் போங்கள். பிள்ளையார் சுழியும் "நன்றாக" என்ற வாழ்த்தும் தொடக்கத்தில் இருக்கும். எழுதி முடித்த வருடம், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், எழுதியவர் பெயர் முடிவில் இருக்கும். வருடம் அறுபதாண்டு வட்டத்துப் பெயராக வரும். அங்கேதான் வழுக்கும். "குரோதி வருடம்" என்று இருந்தால் அது 1724-ஆ, 1784-ஆ, 1844-ஆ? உடன் சாலிவாகன சகம் 1706 என்றோ கலி 4885 என்றோ இருந்தால் 1784 என்று உறுதிப்படும். சகத்தோடு 78 கூட்ட வேண்டும். கலியிலிருந்து 3101 கழிக்க வேண்டும். தை, மாசி, பங்குனியில் எழுதியதானால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். இரண்டும் இல்லையென்றால் கிழமையும் நட்சத்திரமும் எந்த ஆண்டில் சேர்ந்து வருகின்றன என்று பழைய பஞ்சாங்கக் கணக்கில் பார்க்க வேண்டும். அதுவும் பொருந்தாவிட்டால், காலம் அறிய முடியவில்லை என்று எழுதிவிடுவதே நேர்மை.

சாதாரண மக்களின் வாழ்க்கை தெரிய எதைப் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பதில் சொல்வேன்.

ஓவியச் சுவடிகளை விட்டுவிட்டுக் கணக்குகளுக்கு வாருங்கள். மராட்டிய அரண்மனை நிர்வாகம் காகிதத்தில், மோடி என்ற எழுத்தில், மராத்தி மொழியில் நடந்தது. முதலில் கோடு ஒன்றை நீளமாக இழுத்துவிட்டு, அதிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிட்டபடி, எழுதுகோலை அதிகம் தூக்காமல் வேகமாக எழுதுகிற கை. குமாஸ்தாவின் கை என்று பார்த்ததுமே தெரியும். மூட்டை மூட்டையாக இருக்கும் இந்தக் காகிதங்களில் வரவு, செலவு, சம்பளம், கோயில் திருவிழா, சத்திரத்து அரிசி, வைத்தியச் செலவு என்று எல்லாம் பதிவாகியிருக்கும். மராத்தி வாக்கியத்துக்குள் தமிழ்ச் சொற்கள் தாராளமாக வரும். அழகு கிடையாது, ஆனால் பொய் சொல்லக் காரணமும் குறைவு.

சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். இராமேசுவரம் போகிற வழியில் தஞ்சை மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1801-இல் சரபோஜி கம்பெனி அதிகாரிக்கு இவற்றைப் பற்றிக் கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் தனியாக. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரச் சொல்லி அழைப்பார்கள். நோயுற்றவர்களுக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள் உண்டு. வழியில் இறந்துபோனவர்களின் பிள்ளைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து, மூன்று வேளைச் சோறு போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடுவார்களாம்.

நள்ளிரவு மணி என்ற விவரத்தைப் படித்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு மன்னர், சத்திரங்களையாவது தம் கையில் விட்டுவையுங்கள் என்று கேட்டு எழுதியது இது. மனுவில் குறை எழுதுவார் உண்டா? அதனால் மோடிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்: எத்தனை கலம் அரிசி போனது, வைத்தியருக்குச் சம்பளம் பதிவாகியிருக்கிறதா, எண்ணெய்ச் செலவு இருக்கிறதா? கடிதமும் கணக்கும் ஒத்துப்போகிற இடத்தில் தயங்காமல் எழுதலாம். ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆய்வே தொடங்குகிறது.

சமையலுக்கு அரண்மனை மடைப்பள்ளியின் சரபேந்திர பாக சாஸ்திரம் அச்சில் இருக்கிறது. மருத்துவத்துக்குச் சரபேந்திர வைத்திய முறைகள், தமிழ்ச் செய்யுளில். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால், கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த தாள்கள்: நோயாளியின் விவரம், செய்த சிகிச்சை, பக்கத்தில் அந்தக் கண்ணையே வண்ணத்தில் வரைந்த படம். மன்னரின் உருவப்படங்கள் நிறையப் பார்த்திருப்போம். அவரிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவரின் கண்ணை இருநூறு ஆண்டு கழித்து நேருக்கு நேர் பார்க்க முடிவது இங்கேதான்.

சரபோஜியின் ஐரோப்பியப் புத்தகங்கள் வெறும் வேடிக்கைப் பொருளா?

பார்வையாளர்களுக்குக் காட்டும்போது அப்படித்தான் ஆகிவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ புருன் மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்களின் முன்னே கூட்டம் நிற்கும். சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களின் முன்னே இன்னும் கூடுதலாக நிற்கும். ஆனால் சரபோஜி சில ஆயிரம் ஐரோப்பிய நூல்களை வரவழைத்தது அலமாரிக்காக அல்ல. பலவற்றில் அவர் ஆங்கிலத்தில் இட்ட கையெழுத்து இருக்கிறது. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் மேற்பார்வையில் கல்வி கற்றவர் அவர். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஆயர் ஹீபர், மன்னர் லவாய்சியே, லின்னேயஸ், புஃபோன் ஆகிய ஐரோப்பிய அறிவியலாளர்களைச் சரளமாக எடுத்துச் சொன்னதாக எழுதிவைத்தார். (பாவம், அடுத்த சில நாட்களில் திருச்சியில் குளிக்க இறங்கிய குளத்திலேயே ஹீபர் இறந்துபோனார்.)

படித்ததை அவர் என்ன செய்தார் என்பதுதான் சுவையான பகுதி. தேவேந்திரக் குறவஞ்சி என்று மராத்தியில் ஒரு குறவஞ்சி, சரபோஜி இயற்றியது. குறவஞ்சியின் இலக்கணம் நமக்குத் தெரியும்: தலைவனை எண்ணித் தலைவி ஏங்குவாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்வாள். இந்தக் குறவஞ்சியில் குறத்தி இந்திராணியிடம் உலகப் பூகோளம் சொல்கிறாள். கண்டங்கள், நாடுகள், கடல்கள். ஊர் சுற்றுகிறவளுக்குத்தானே உலகம் தெரியும்! ஐரோப்பியப் பூகோளப் புத்தகத்தைச் செரித்து, டெல்டாவின் கோயில் மேடைக்குப் பழகிய வடிவத்தில் இறக்கிவிட்டார். பக்கத்திலேயே, அவரைத் தலைவனாக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தமிழில் வைத்துப் படியுங்கள். ஒரே அவை, ஒரே வடிவம், இரு வேறு நோக்கம்.

அறிவியலைக் கொண்டுவந்த மேதை என்று மட்டும் அவரைப் புகழ்வதோ, ஆங்கிலேயரைக் காப்பியடித்தவர் என்று தள்ளுவதோ எனக்கு ஒப்பில்லை. ஆட்சி கையை விட்டுப் போனபின் அரசன் என்ற பெயருக்கு ஒரு பொருள் தேடியவர் அவர் என்றே தோன்றுகிறது. பெரிய கோயில் சுவரில் 1803-இல் தம் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராத்தியில் அவ்வளவு நீளமாக வெட்ட வைத்ததும் அந்தத் தேடலின் பகுதிதான்.

பெண்கள் எழுதியது ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும். ரகுநாத நாயக்கர் அவையில் இருந்த ராமபத்ராம்பா அவரைப் பற்றி ரகுநாதாப்யுதயம் என்ற வடமொழிக் காவியம் இயற்றினார். அதே அவையின் மதுரவாணியும் கவிஞர். மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) காலத்து முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் எழுதினார். தன் பாட்டி, அத்தை என்று பெண் வழியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நூலைத் தொடங்கும் கணிகைக் கவிஞர் அவர். சுவடியைத் தேடிப்பிடித்து 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆபாசம் என்று சொல்லி அரசு தடை விதித்தது. நாடு விடுதலை பெறும் காலத்தில்தான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான். ஆராதனைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தரங்கம்பாடி ஆவணங்களைப் பார்க்க ஏன் வெளிநாடு போகச் சொல்கிறார்கள்?

ஆவணங்கள் அங்கே இருப்பதால்தான். ரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியர்களோடு உடன்பாடு செய்துகொண்டு தரங்கம்பாடியை விட்டுக்கொடுத்தார். ஓலை வடிவில் பொன் தகட்டில் எழுதிய அவருடைய மடல் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் ஏடுகளைத் திரட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி 1708-இல் ஒரு பட்டியல் தயாரித்தார். அக்காலத்தில் இந்தக் கடற்கரையில் என்னென்ன தமிழ் நூல்கள் புழங்கின என்பதற்கு இதைவிட நல்ல சான்று எளிதில் கிடைக்காது. பிறகு அச்சகம் வந்தது; புதிய ஏற்பாடு தமிழில் 1715-இல் அச்சாகி முடிந்தது; பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். தமிழர்களிடம் கேள்வி கேட்டு வாங்கிய பதில் கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகருக்கு மொழிபெயர்த்து அனுப்பினார்கள். திருமணம், சாதி, வழிபாடு பற்றி நம்மவர்கள் 1712-ஐ ஒட்டி என்ன சொன்னார்கள் என்பதை இன்று ஜெர்மன் வழியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை, கேள்வி கேட்டவரின் நோக்கத்தை மறக்காமல் படித்தால் போதும்.

வைத்தீசுவரன்கோயில் நாடி ஏடுகள் சரஸ்வதி மகாலிலிருந்து போனவை என்கிறார்களே?

சொல்கிறார்கள். நான் மூன்று கேட்பேன்: கட்டு எங்கிருந்து வந்தது, யார் யார் கையில் இருந்தது, முழுக் கட்டையும் பிறர் பார்த்துப் படிக்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஏட்டை வரலாற்றுச் சான்றாக வைத்துக்கொள்ள மாட்டேன். பரிகாரம் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம்.

இணையத்திலேயே எல்லாம் வந்துவிட்டதே, நேரில் போவானேன்?

எல்லாம் வரவில்லை. வந்தவை பெரும் உதவிதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சுவடிகளையும் அரிய நூல்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் படத்தில் ஓலையைச் சாய்த்துப் பிடிக்க முடியாது. எந்த ஏட்டோடு எது சேர்ந்து கட்டப்பட்டிருந்தது, எந்தப் பக்கம் விரல் பட்டுக் கறுத்திருக்கிறது, எது புரட்டப்படாமலே புதிதுபோல இருக்கிறது என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். வைத்திய ஏட்டில் அதிகம் கறுத்த பக்கம், அந்த ஊரில் அதிகம் வந்த நோயைக் காட்டும் பக்கமாக இருக்கலாம்.

படம் எடுக்கலாமா?

கேட்காமல் கூடாது. கேட்டாலும் மின்னல் விளக்கு கூடாது.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஓலைக்கட்டு இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். அப்படி ஆற்றோடு போன ஏடுகளின் கதையை உ.வே.சா. சொல்லி அழுதிருக்கிறார்.

ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தி கொண்டு பிரிக்காதீர்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். தேங்காயெண்ணெய், மஞ்சள், பேனா எதையும் தொடவிடாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, கட்டின் மேலும் கீழும் வைக்கும் சட்டப் பலகை இருந்தால் அதோடு சேர்த்து, படுக்கைவாக்கில் வையுங்கள். பக்கத்தில் துணிமுடிச்சில் வசம்பு வைப்பது பழைய வழக்கம். இராமபாணப் பூச்சிக்கு அந்த மணம் ஆகாது. ஏடுகளின் வரிசையை மாற்றாதீர்கள், குழம்பியிருந்தாலும். ஒரு தாளில், இந்தக் கட்டு யாருடையது, எந்த ஊர், அவர் என்ன தொழில் செய்தார் என்று தெரிந்தவரை எழுதிச் சேர்த்து வையுங்கள். நூலகத்துக்கு வந்துசேரும் கட்டுகளில் பலவற்றுக்கு இந்த ஒரு தாள்தான் இல்லை.

பிறகு தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ சரஸ்வதி மகாலிலோ காட்டுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் படம் எடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள். பெரும்பாலும் அது சோதிடமாகவோ வைத்தியமாகவோ நிலக் கணக்காகவோ இருக்கும். காணாமற்போன சங்க நூலாக இருக்காது. ஏமாற வேண்டாம். மேலே சொன்னபடி, நிலக் கணக்கு கிடைத்தால் எனக்கு அதில்தான் மகிழ்ச்சி அதிகம்.